ஒரு வாரம், ஒரே ரயில் பாதை: இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க ஒரு திட்டம்

இங்கிலாந்துக்கு ஒரு வாரம் வரப்போகிறோம் என்று ஊரிலிருந்து யார் சொன்னாலும் கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்டு, ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர், லிவர்பூல், மான்செஸ்டர் கால்பந்து மைதானம், ஏரி மாவட்டம், முடிந்தால் ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி எடின்பரோவும். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் அடுத்தடுத்து இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இங்கிலாந்தின் பரப்பளவு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பளவும் ஏறக்குறைய அதேதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து, ஒரே வாரத்தில் மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி, ஊட்டி எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் நாம் என்ன சொல்வோம்? "தஞ்சாவூர்ப் பக்கமா போங்க, நிதானமா பாருங்க" என்போம். இங்கே வருகிறவர்களுக்கும் நான் அதையேதான் சொல்கிறேன்.

என் திட்டம் எப்போதும் ஒரு ரயில் பாதையில் இருந்துதான் தொடங்கும். ஊர்களை முதலில் முடிவு செய்துவிட்டு அவற்றை இணைக்க ரயில் தேடினால், திரும்பத் திரும்ப லண்டனுக்கே வந்து நிற்போம். இந்த நாட்டின் வேகமான பாதைகள் பெரும்பாலும் லண்டனிலிருந்து கிளம்புபவை. பாடிங்டனிலிருந்து மேற்கே, யூஸ்டனிலிருந்து வடமேற்கே, கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு திசை. கிழக்கிலிருந்து மேற்காகக் குறுக்கே போவதென்றால் மெதுவான ரயில்கள், நடுவில் இரண்டு இடத்தில் மாறுதல், அரை நாள் காலி. அதனால் ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் இருக்கும் ஊர்களை மட்டும் பார்ப்பது. மற்றதெல்லாம் இன்னொரு தடவைக்கு.

போன ஜூனில் திருச்சியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தபோது நான் எடுத்தது கிங்ஸ் கிராஸ் பாதை: லண்டன், யார்க், டரம், அங்கிருந்து ஒரு நாள், ரோமானியர் தங்கள் வடக்கு எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவர். பெரியப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா பள்ளியில் வரலாறு எடுத்தவர். இந்த இரண்டு பேருக்கும் இதைவிடப் பொருத்தமான பாதை இங்கிலாந்தில் இல்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஏழு இரவுகளைப் பிரித்தது இப்படி: சனிக்கிழமை வந்து இறங்கி லண்டனில் இரண்டு இரவு, யார்க்கில் இரண்டு, டரமில் இரண்டு, மறுபடி லண்டனில் ஒன்று, அடுத்த சனிக்கிழமை விமானம்.

சனிக்கிழமை வந்து இறங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு வேலை நடக்கும். பல பாதைகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், இரண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே ஞாயிறு லண்டனுக்குள்ளேயே கழியட்டும். நீண்ட ரயில் பயணங்கள் எல்லாம் வார நாட்களில், காலைக் கூட்டம் அடங்கிய பிறகு. கடைகளையும் கவனியுங்கள். பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்று 1994இலேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மே கடைசியில் இருந்து ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஜூனில் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும், வடக்கே போகப் போக இன்னும் தாமதம். அதே லண்டனில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரு வாரத்துக்கு வருகிறவருக்கு வெளிச்சம்தான் பெரிய சொத்து. ஜூலை கடைசியில் பள்ளி விடுமுறை ஆரம்பித்துவிட்டால் கூட்டமும் ஏறும், அறை வாடகையும் ஏறும்.

இனி டிக்கெட். பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே ஒரே ரயிலுக்குப் பெரும்பாலும் மூன்று விதமான டிக்கெட் இருக்கும். 'எனிடைம்' என்றால் எந்த ரயிலிலும் ஏறலாம், விலை தலை சுற்றும். 'ஆஃப்-பீக்' என்றால் கூட்டம் இல்லாத நேரத்து ரயில்களில் மட்டும். 'அட்வான்ஸ்' தான் மலிவு. ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு ரயிலில்தான் அது செல்லும். நீங்கள் தாமதமாகப் போய் அந்த ரயிலை விட்டுவிட்டால் புது டிக்கெட்தான். அட்வான்ஸ் டிக்கெட்டுகளைச் சுமார் 12 வாரங்களுக்கு முன்பே விற்க ஆரம்பிப்பார்கள், பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். விமானம் இறங்கும் அன்றைக்கே அட்வான்ஸ் டிக்கெட் போடாதீர்கள். குடியேற்ற வரிசை எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது.

விசாவும் இதோடு சேர்ந்த கணக்குதான். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்து, விசா கிடைத்த அன்றே ரயில் டிக்கெட்டுகளைப் போட்டுவிட்டால் விலை இன்னும் கைக்குள் இருக்கும். விடுதிகளை மட்டும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் முன்னாலேயே பிடித்துவைக்கலாம்.

பெரியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. 60 வயது தாண்டிய யாரும் சீனியர் ரயில்கார்டு வாங்கலாம். இங்கே குடியிருக்க வேண்டியதில்லை, வயதுக்குச் சான்றாக இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனிலிருந்து டரம் போய் வருவதிலேயே கார்டின் விலையில் பெரும்பகுதி வந்துவிடும். படியேற முடியாதவர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நிலையத்தில் ஆள் வந்து ரயிலேற்றிவிடுவார், அதற்குக் கட்டணம் இல்லை. ரயில் தாமதமானால் நஷ்ட ஈடு கேட்கவும் ஏற்பாடு உண்டு. கேட்டால்தான் தருவார்கள், அதனால் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

லண்டனுக்குள் டிக்கெட் கவலையே வேண்டாம். வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேருந்தில் காசு வாங்குவதை 2014லேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் இருந்தால் சுரங்க ரயிலைவிட மாடிப் பேருந்துதான் என் சிபாரிசு. டிராஃபல்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பேருந்தில் ஏறி மாடியில் முன்சீட் பிடித்தால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைத் தாண்டி லண்டன் கோட்டை (டவர் ஆஃப் லண்டன்) வரை உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம்.

லண்டனில் என்ன பார்ப்பது என்பதையும் வடக்கே போகும் பயணத்தை மனத்தில் வைத்தே முடிவு செய்தேன். ஞாயிறு காலை பிரிட்டிஷ் மியூசியம். நுழைவுக் கட்டணம் இல்லை. எகிப்து மம்மிகளைச் சுற்றி எப்போதும் கூட்டம்; நாங்கள் நேராக மாடியில் ரோமானிய பிரிட்டன் இருக்கும் 49ஆம் அறைக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் மெல்லிய மரப் பலகை ஒன்று இருக்கிறது, மையால் எழுதியது. கி.பி. 100ஐ ஒட்டி, வடக்கே ரோமானிய எல்லையில் இருந்த கிளாடியா செவரா என்ற பெண், இன்னொரு கோட்டைத் தளபதியின் மனைவியான சுல்பிசியா லெபிடினாவுக்கு எழுதிய கடிதம். என் பிறந்தநாளுக்கு நீ கட்டாயம் வர வேண்டும் என்று அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார், கடைசி வரிகள் மட்டும் செவராவின் சொந்தக் கையெழுத்து. ஒரு பெண் தன் கைப்பட லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"கூப்பிட்டிருக்காளே, அவ போனாளாடி?"

"வியாழக்கிழமை அந்தக் கோட்டைக்கேதான் போறோம் பெரியம்மா, அங்க வெச்சுக் கேட்டுக்கலாம்" என்றேன்.

திரும்பும்போது அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் 33ஏ அறை. 1859இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். ஒரே பௌத்தத் தூபியின் கற்கள், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. எனக்கு இதில் சமாதானமே இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரையும் இங்கே கூட்டிப்போகிறேன், பார்க்காமல் போகக்கூடாது.

மத்தியானம் தேம்ஸ் நதியில் படகு பிடித்து கிரீனிச் போனோம். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு உலகத்தின் பூஜ்யத் தீர்க்கக் கோடு இங்கேதான் என்று முடிவு செய்தது. இந்தியாவின் ஐந்தரை மணி நேர வித்தியாசம் இந்தக் கோட்டிலிருந்துதான். ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓடியதைப் பெரியப்பா அங்கே நின்று சொன்னார். மறுநாள் காலை, கிங்ஸ் கிராஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிரிட்டிஷ் லைப்ரரியில் 1215ஆம் ஆண்டின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவைப் பார்த்துவிட்டு, அப்படியே ரயில்.

கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் சுமார் இரண்டு மணி நேரம். பீட்டர்பரோவுக்கும் கிராந்தமுக்கும் நடுவே ஸ்டோக் பேங்க் என்று ஒரு நீண்ட சரிவு வரும். ஜன்னலில் பார்த்தால் வெறும் வயல்தான். ஆனால் 1938 ஜூலை 3ஆம் தேதி, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த 'மல்லார்ட்' என்ற நீராவி இஞ்சின் இந்தச் சரிவில் லண்டன் பக்கமாக இறங்கும்போதுதான் மணிக்கு 203 கிலோமீட்டரைத் தொட்டது. நீராவி இஞ்சின்களில் அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. பெரியப்பா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். "இப்ப நாம ஏறிட்டு இருக்கோம். அது இறங்குனுச்சு" என்றார்.

அந்த மல்லார்ட் நிற்பது யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை முழுவதையும் இதற்கே விட்டேன், இது அவருடைய நாள். நீல நிறத்தில், காற்றைக் கிழிக்கும் மூக்கோடு நிற்கும் அந்த இஞ்சினின் இயக்கு சக்கரம் இரண்டு மீட்டர் உயரம். பெரியப்பா மூக்கையும் பெயர்ப் பலகையையும் சீண்டவே இல்லை. நேரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். சாதனை ஓட்டத்திலேயே நடு சிலிண்டரின் பெரிய பேரிங் சூடேறி உருகியது, இஞ்சின் பீட்டர்பரோ வரைதான் தாக்குப்பிடித்தது என்று நான் சொன்னதும், "பின்ன, அந்த வேகத்துக்கு நடு பேரிங்தான் முதல்ல போகும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அங்கே 'எல்லர்மன் லைன்ஸ்' என்று இன்னொரு இஞ்சின் இருக்கிறது. 1949இல் கட்டியதை நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். நெருப்புப் பெட்டி, கொதிகலனுக்குள் வரிசையாகப் போகும் குழாய்கள், நீராவி மேலே ஏறி சிலிண்டருக்கு இறங்கும் வழி. பெரியப்பா ஒவ்வொரு குழாயாகக் கை காட்டி பெரியம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிப் பிள்ளைகள் சிலர் நின்றுவிட்டார்கள், நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊட்டி ரயிலுக்கான நீராவி இஞ்சின்களைப் பொன்மலையில் புதிதாகக் கட்டியதையும் அவர் சொல்லச் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியை அவரிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வழிகாட்டிப் புத்தகம் இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்றால் நம்பாதீர்கள்.

யார்க்கின் மற்ற அழகு யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயம். இங்கே ஒரு வழி சொல்கிறேன். சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது. எந்த மதத்தவரும் போகலாம். 15 அரசர்களின் சிலைகள் நிற்கும் கல் திரையைத் தாண்டி, பாடகர் குழு அமரும் பகுதியிலேயே பழைய மர இருக்கைகளில் உட்கார வைப்பார்கள். சுமார் முக்கால் மணி நேரம் பாட்டு. அமைதியாக இருந்தால் போதும், போட்டோ எடுக்கக் கூடாது. ஆனால் கிழக்குச் சன்னலை நன்றாகப் பார்க்கக் கட்டணம் கட்டியே ஒரு தடவை போங்கள். ஜான் தார்ன்டன் 1405இல் தொடங்கி 1408இல் முடித்த வண்ணக் கண்ணாடி, 300க்கும் மேற்பட்ட சட்டங்கள், ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு. உலகம் படைக்கப்படுவதில் தொடங்கி அழிவு வரை வரைந்திருக்கிறார். காலை வெயில் அந்தப் பக்கம் இருக்கும்போது போகவும். ஊரைச் சுற்றியுள்ள மதில் சுமார் 3.4 கிலோமீட்டர், மேலே ஏறி நடக்கலாம். உள்பக்கம் சில இடங்களில் கைப்பிடி இல்லை, முதியவர்கள் மதிலை ஒட்டி நடக்கட்டும்.

யார்க்கிலிருந்து டரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வழியில் டார்லிங்டன். 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதை திறந்தது இந்த ஊரை வைத்துத்தான். அதற்கு 31 வருடம் கழித்து, 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. டரம் வரும்போது வலது பக்கம் உட்கார்ந்திருங்கள். ரயில் உயரமான பாலத்தில் ஊருக்கு மேலேயே போகும், ஆற்று வளைவில் குன்றின்மேல் தேவாலயம் முழுதாகத் தெரியும்.

1093இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் அது. பெரிய உருளைத் தூண்கள் ஒவ்வொன்றும் 6.6 மீட்டர் உயரம், சுற்றளவும் அதே 6.6 மீட்டர். ஒரு தூணில் நெளிகோடு, ஒன்றில் கட்டம், ஒன்றில் வரிப்பள்ளம் என்று செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மேற்கு ஓரத்தில் தரையில் ஒரு கறுப்புக் கல் பட்டை குறுக்கே ஓடுகிறது. ஃபிராஸ்டர்லி மார்பிள் என்பார்கள், உற்றுப் பார்த்தால் புதைபடிவப் பவளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. நான் சொன்னதும் பெரியம்மா அங்கேயே நின்று கீழே பார்த்தார். அப்புறம் செருப்புக் காலை நன்றாக ஊன்றி வைத்துத் தாண்டிப் போனார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

வியாழன் முழுக்க ரோமானியச் சுவருக்கு. டரமிலிருந்து நியூகாசில் கால் மணி நேரம், அங்கே மாறி ஹெக்ஸம், ஹெக்ஸமிலிருந்து சுவரை ஒட்டிப் போகும் பேருந்து. பேருந்தின் பெயரே 'ஏடி122'. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டு அது. இந்தப் பேருந்தின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் மொத்தம் 117 கிலோமீட்டர். ஆனால் பெரியம்மாவுக்கு முதலில் விண்டோலாண்டா கோட்டை. சுவருக்கும் மூத்தது, லெபிடினா வாழ்ந்த இடம். 1973இல்தான் இங்கே அந்த மரப் பலகைகள் கிடைக்க ஆரம்பித்தன. ஈரக் களிமண்ணுக்குள் காற்றே புகாததால் மரமும் தோலும் மக்காமல் இருந்திருக்கின்றன. 5,000க்கும் மேற்பட்ட காலணிகள் எடுத்திருக்கிறார்கள், குழந்தைகளுடையவையும் அதில் உண்டு. கோடையில் போனால் அகழாய்வு நடப்பதையே பக்கத்தில் நின்று பார்க்கலாம். அங்கிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குச் சாலையிலிருந்து மேட்டில் ஏற வேண்டும். மெதுவாக, நின்று நின்று ஏறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளும். குடை உதவாது, தலையை மூடும் மழைக்கோட்டு வேண்டும், ஜூனிலும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. எந்த ஊர் உணவகத்திலும் சைவம் குறித்துத் தனியே போட்டிருப்பார்கள். பெரியம்மாவுக்குப் பிடித்துப்போனது ஜாக்கெட் பொட்டேட்டோ: தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து, வெண்ணெயும் பீன்ஸும் போட்டுத் தருவது. பருப்புப்பொடி டப்பாவைக் கைப்பையிலேயே வைத்திருந்தார், அதன்மேல் தூவிக்கொண்டார். சின்ன ஊர்களில் இரவு ஒன்பதுக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

வடக்கு வேண்டாம், ஸ்டோன்ஹெஞ்சைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்பவர்களுக்குத் தென்மேற்குப் பக்கம் இருக்கிறது. வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரி ஒன்றரை மணி நேரம். அங்கே 123 மீட்டர் கோபுரம், பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம். இன்னொரு மாக்னா கார்ட்டா பிரதியும் அங்கே உண்டு. ஸ்டோன்ஹெஞ்சுக்கு அங்கிருந்து பேருந்து. சாலிஸ்பரியிலிருந்து நேர் ரயிலில் ஒரு மணி நேரத்தில் பாத், பாத்திலிருந்து பாடிங்டன். இதுவும் அழகான வாரம்தான். ஏரி மாவட்டம் வேண்டுமென்றால் அதற்கே நாலு நாள் ஒதுக்குங்கள், ஒரு நாளாவது மழை பிடித்துக்கொள்ளும். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்கு ரயிலும் பேருந்தும் குறைவு, கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரி. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம், சாலையில் இடது பக்கம்தான்.

கடைசி இரவை லண்டனில் வைப்பது கட்டாயம். டரமிலிருந்து நேராக விமான நிலையம் போகும் திட்டத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு சிக்னல் கோளாறு போதும் விமானத்தை விட. வெள்ளிக்கிழமை காலை டரமில் ஏறி மதியம் லண்டனில் இறங்கினால் லண்டன் கோட்டைக்கு நேரம் இருக்கும். கோஹினூர் அங்கேதான், ராஜமாதாவின் கிரீடத்தில். கிரீடங்களுக்கு முன்னால் நகரும் தரை போட்டிருப்பார்கள், நிற்க விடாது. ஆனால் ஒரு தடவை போய்விட்டு வந்து மறுபடி ஏறிக்கொள்ளத் தடையில்லை. பெரியம்மா அப்படித்தான் பார்த்தார். பெட்டிகளை முதல் இரண்டு இரவு தங்கிய விடுதியிலேயே விட்டுவைக்கக் கேளுங்கள், அதே விடுதிக்குத் திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். வடக்கே ஒரு சின்னப் பையோடு போய் வந்துவிடலாம்.